தொழிலாளர் துயர் உணர்ந்த தலைவர்

முன்னுரை

பலர் கூடிச் செய்யும் தொழில் யாதாயினும் அதற்குத் தலைவர் ஒருவர் வேண்டும். வயலில் நாற்று நடுவோர்க்கும், ஆலையில் பொறி இயக்குவோர்க்கும், அலுவலகத்தில் கணக்கு எழுதுவோர்க்கும் தலைமை இன்றியமையாதது. அத்தலைவர்க்குக் கல்வி வேண்டும், துணிவு வேண்டும், காலமும் இடமும் அறிந்து செய்யும் திறம் வேண்டும். இவையெல்லாம் இருந்தும், தம்முடன் உழைப்பவரின் உள்ளத்தை அறியும் இயல்பு இல்லையாயின் அத்தலைமை நெடுநாள் நில்லாது.

இவ்வியல்பைத் திருவள்ளுவர் கண்ணோட்டம் என்னும் பெயரால் ஓர் அதிகாரமாக வகுத்தார். அதனை அவர் வைத்துள்ள இடம் நாம் உற்று நோக்கத் தக்கது. இல்லறத்தாரும் துறவறத்தாரும் மேற்கொள்ள வேண்டிய பண்புகளை அறத்துப்பாலில் கூறிய அவர், கண்ணோட்டத்தைப் பொருட்பாலில், அரசியலில், கொடுங்கோன்மை, வெருவந்த செய்யாமை என்பவற்றை அடுத்து வைத்தார். ஆளுபவன் குடிகளை அச்சுறுத்துதல் தகாது என்று கூறிய பின்னரே அவர்கள்மேல் இரக்கம் கொள்ளுதல் வேண்டும் என்று கூறுகின்றார். ஆகவே, இரக்கம் என்பது தலைமைக்கு மேலே பூசும் மெருகு அன்று. தலைமையின் உறுப்பே அது என்பது பெறப்படும்.

நம் சின்னசேலம் வட்டாரத்தில் கரும்பும் மக்காச்சோளமும் மரவள்ளியும் விளைகின்றன. கச்சிராயபாளையத்திலும் மூங்கில்துறைப்பட்டிலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் அமைந்துள்ளன. கல்வராயன் மலையிலிருந்து கூலி வேலைக்கு இறங்கி வருவோரையும், கரும்பு ஏற்றிய வண்டிகளின் பின்னே நடப்போரையும் நாம் நாள்தோறும் காண்கின்றோம். அவர்கள் முகத்தைக் காண்பவர் பலர். அவர்கள் அகத்தைக் காண்பவர் சிலரே. உழைப்பவரின் அகத்தைக் கண்டு, அவர்க்காகத் தம் வாழ்நாளை ஈந்த தமிழாசிரியர் ஒருவரின் வரலாற்றை இப்பாடத்தில் அறிவோம். அவரே திரு. வி. க. எனத் தமிழுலகம் அன்போடு அழைக்கும் திருவாரூர் விருத்தாசல முதலியார் கலியாணசுந்தரனார் ஆவார்.

பிறப்பும் இளமையும்

கலியாணசுந்தரனார் 1883-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 26-ஆம் நாள், அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்தில், போரூரை அடுத்த துள்ளம் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் விருத்தாசல முதலியார், தாயார் சின்னம்மையார். முன்னோர் திருவாரூரைச் சேர்ந்தவர் ஆதலின் அவ்வூர்ப் பெயர் அவர் பெயரின் முதலெழுத்தாய் நின்றது. தொடக்கக் கல்வியைத் தந்தையாரிடமே பெற்றார். பின்னர்க் குடும்பம் சென்னை இராயப்பேட்டைக்கு வந்தது.

இளமையிலேயே அவருக்குக் கைகால்கள் முடங்கும் நோய் வந்துற்றது. ஓடி விளையாடும் பருவத்தில் ஒரே இடத்தில் கிடக்க நேர்ந்தது. படிப்பும் இடையில் தடைப்பட்டது. நாளடைவில் நோய் நீங்க, மீண்டும் பள்ளி சென்றார். தம் உடல் தமக்கு உதவாத நிலையை இளமையிலேயே அறிந்தவர், பிற்காலத்தில் உழைப்பால் நலிந்த உடல்களைக் கண்டபோது உருகினார் என்பதில் வியப்பில்லை.

கல்வியும் ஆசிரியர்ப் பற்றும்

இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் பயின்ற காலத்தில் யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற் பிள்ளை அவருக்கு ஆசிரியராய் வாய்த்தார். கதிரைவேற் பிள்ளை இலக்கண இலக்கியங்களிலும் சைவ நூல்களிலும் ஆழ்ந்த புலமை உடையவர், சொற்போரில் வல்லவர். அவர்பால் கலியாணசுந்தரனார் தமிழ் கற்றார். அவ்வாசிரியர் தொடர்புற்ற வழக்கு ஒன்றில் சான்று கூறச் செல்ல நேர்ந்தமையால், பள்ளி இறுதித் தேர்வை எழுத இயலாது போயிற்று. அன்றோடு அவருடைய பள்ளிப் படிப்பு முடிந்தது.

தேர்வு ஒன்றை இழத்தல் ஏழைக் குடும்பத்து மாணவர்க்குச் சிறிய இழப்பு அன்று. எனினும் அவர் கல்வியை விடவில்லை. ஆசிரியர் 1907-ஆம் ஆண்டில் மறைந்த பின்னர், மயிலைத் தணிகாசல முதலியாரை அடுத்துத் தமிழும் சைவ நூல்களும் கற்றார். பட்டம் பெறாமலே புலமை பெற்றார்.

பணியும் ஆசிரியத் தொழிலும்

வாழ்க்கையை நடத்தும் பொருட்டுச் சென்னை ஸ்பென்சர் கம்பெனியில் கணக்கராகச் சில காலம் பணியாற்றினார். அந்நாளில் வங்கப் பிரிவினையை ஒட்டி எழுந்த சுதேசிக் கிளர்ச்சி தமிழகத்திலும் பரவியது. அவர் உள்ளம் அதில் ஈடுபட்டது. வெள்ளையர் நிறுவனத்துப் பணியும் நாட்டுப் பற்றும் ஒத்துச் செல்லாமையால் அப்பணியினின்றும் நீங்கினார். பிறர்க்குக் கீழிருந்து ஊதியம் பெறுவோர், மேலாளரின் முகக்குறிப்பை அஞ்சி வாழும் நிலையை அவர் ஏட்டில் படித்து அறியவில்லை; மேசை முன் அமர்ந்து பட்டறிந்தார்.

பின்னர் ஆயிரம் விளக்கு வெஸ்லியன் பள்ளியில் ஆசிரியரானார். 1916-ஆம் ஆண்டில் வெஸ்லி கல்லூரியில் தலைமைத் தமிழாசிரியர் பதவி அவரை வந்தடைந்தது. 1912-ஆம் ஆண்டில் கமலாம்பிகை அம்மையாரை மணந்து இனிய இல்லறம் நடத்தி வந்தார். மதிப்பான பதவி, அமைதியான இல்லம், விருப்பமான நூல்கள் என எல்லாம் அமைந்த வாழ்வு அது. அதனைத் துறந்து அவர் வெளியேறியதிலேயே அவருடைய பொதுவாழ்வு தொடங்குகிறது.

இதழாசிரியர்

1917-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் தேசபக்தன் என்னும் தமிழ் நாளிதழ் தோன்றிற்று. அதன் ஆசிரியர் பொறுப்பைக் கலியாணசுந்தரனார் ஏற்றார். அந்நாளில் அரசியல் மேடைகளில் ஆங்கிலமே ஒலித்தது. கற்றவர் பேசக் கற்றவரே கேட்டனர். உழுபவனும் நெய்பவனும் நாட்டு நடப்பை அறியாது நின்றனர். கலியாணசுந்தரனார் அரசியலைத் தமிழில் எழுதினார், தமிழில் பேசினார். இனிமையும் தெளிவும் பொருந்திய அவர் நடை தென்றலை ஒத்தது ஆதலின் தமிழ்த் தென்றல் என்று மக்கள் அவரைப் போற்றினர்.

1920-ஆம் ஆண்டில் தேசபக்தனை விட்டு நீங்கி, நவசக்தி என்னும் வார இதழைத் தொடங்கினார். இராயப்பேட்டையில் இருந்த சாது அச்சுக்கூடத்தில் அது அச்சாயிற்று. விடுதலைப் போரில் சிறை சென்று மீண்ட இளைஞர் ஒருவர் 1923-ஆம் ஆண்டில் அவ்விதழின் துணையாசிரியராய்ச் சேர்ந்து சில ஆண்டுகள் பணியாற்றினார். அவரே பிற்காலத்தில் கல்கி என்னும் பெயரால் புகழ் பெற்ற ரா. கிருஷ்ணமூர்த்தி. இருவர் எழுத்து நடையும் வேறு வேறு. ஒருவர் செந்தமிழ் வழக்கை விரும்பியவர்; மற்றவர் எளிய வழக்கில் நகைச்சுவை தோன்ற எழுதியவர். ஆயினும் ஒரே இதழில் இருவர்க்கும் இடம் இருந்தது. தம்மைப் போலவே பிறரும் எழுத வேண்டும் என்று எண்ணாத தலைவரிடத்திலேதான் இளையோர் திறமை வளரும்.

ஆலைத் தொழிலாளர் நிலை

சென்னைப் பெரம்பூர்ப் பகுதியில் பக்கிங்காம், கர்நாடிக் என்னும் இரண்டு பெரிய பஞ்சாலைகள் இருந்தன. பின்னி கம்பெனி என்னும் ஆங்கில நிறுவனம் அவற்றை நடத்தியது. பல்லாயிரவர் அங்கு வேலை செய்தனர். விடியுமுன் வீட்டை விட்டுப் புறப்பட்டு இருட்டிய பின்னர்த் திரும்புவது அவர்கள் வாழ்க்கை. நண்பகல் உணவுக்கு விடப்பட்ட இடைவேளை மிகக் குறுகியது. கைகழுவி, சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து, இரண்டு கவளம் உண்பதற்குள் சங்கு ஊதிவிடும். முதல் உலகப் போரால் விலைவாசி ஏறியது. கூலியோ அதற்கேற்ப உயரவில்லை. மேற்பார்வையாளரின் கடுஞ்சொல்லும், சிறு பிழைக்கும் விதிக்கப்பட்ட தண்டமும் அவர்களை வருத்தின.

இக்குறைகளைத் தொழிலாளர் யாரிடம் சொல்வர்? பெரம்பூரில் கடை வைத்திருந்த செல்வபதிச் செட்டியாரும், அவர் நண்பர் இராமாநுஜலு நாயுடுவும் அவர்கள் சொல்லக் காது கொடுத்துக் கேட்டனர். அவ்விருவரும் சமய வளர்ச்சிக்காக ஒரு சபை நடத்தி வந்தனர். கலியாணசுந்தரனார் அங்குச் சென்று சமயச் சொற்பொழிவு ஆற்றுவதுண்டு. 1918-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பக்தி கேட்க வந்தோர் பசியைக் கூறினர். அதனைக் கேட்ட அவர், இது சமயத்திற்கு அயலானது என்று ஒதுக்கவில்லை. தொழிலாளரின் உரிமையைப் பற்றியும் மேனாட்டுத் தொழிற்சங்கங்களைப் பற்றியும் அவர்க்கு விளங்கும் தமிழில் எடுத்துரைத்தார்.

சங்கம் தோன்றியது

அன்னி பெசன்ட் அம்மையாரோடு பொதுப்பணி ஆற்றி வந்த பி. பி. வாடியா தொழிலாளரின் நிலையை நேரில் கண்டார். அவர் தலைவராகவும், கலியாணசுந்தரனார் துணைத் தலைவருள் ஒருவராகவும், இராமாநுஜலு நாயுடுவும் செல்வபதிச் செட்டியாரும் செயலாளராகவும் அமைய, 1918-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் நிறுவப்பெற்றது. முறையாக உறுப்பினரைச் சேர்த்து அமைக்கப்பட்ட இந்தியத் தொழிற்சங்கங்களுள் இதுவே முதலாவது என்று வரலாற்றாசிரியர் கூறுவர்.

வாடியா ஆங்கிலத்தில் பேசியவர். அவர் கருத்தைத் தொழிலாளரின் நெஞ்சில் பதித்தவருள் கலியாணசுந்தரனார் தலையாயவர். அவர் தொழிலாளரிடையே கையாண்ட முறைகள் மூன்றாகும். முதலாவது, பேசுவதற்கு முன் கேட்டல். இரண்டாவது, குறைகளைச் சினத்தோடு கொட்டாமல் கோரிக்கையாக வகுத்து முதலாளியிடம் முறையாகச் சேர்த்தல். மூன்றாவது, எத்துணைத் துன்பம் நேரினும் கல்லெடுத்தலும் தடியெடுத்தலும் கூடா என்று வற்புறுத்தல். சினம் கொண்ட கூட்டத்தின் சினத்தை ஏற்றுக் கைதட்டல் பெறுதல் எளிது. அச்சினத்திற்குரிய காரணத்தை மதித்து, அச்சினத்தை மட்டும் தணித்தல் அரிது. அவர் அரிய வழியையே மேற்கொண்டார். பின்னர் இரயில்வேத் தொழிலாளர், டிராம் வண்டித் தொழிலாளர், அச்சுத் தொழிலாளர் எனப் பலரும் அவர் துணையை நாடினர்.

இல்லத்தில் நேர்ந்த இடி

சங்கம் பிறந்த அதே ஆண்டில் அவர் இல்லத்தில் பேரிடி விழுந்தது. அவர்க்குப் பிறந்த மக்கள் இருவரும் குழவிப் பருவத்திலேயே இறந்தனர். 1918-ஆம் ஆண்டு செப்டம்பரில் கமலாம்பிகை அம்மையாரும் நோயால் மறைந்தார். ஆறாண்டு இல்லறம் அத்தோடு முடிந்தது. அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. உற்றார் வேண்டியும் மறுமணம் செய்துகொள்ளவில்லை. துயரில் ஆழ்ந்தோர் சிலர் உலகத்தை வெறுப்பர். அவரோ தம் துயரத்தின் வழியே பிறர் துயரத்தை மேலும் நெருங்கினார். பெண்மையை உயர்த்திப் பெண்ணின் பெருமை என்னும் நூலை 1927-ஆம் ஆண்டில் எழுதினார். அம்மையாரோடு வாழ்ந்த வாழ்வே தமக்கு அறிவு புகட்டியது என்பது அவர் கொள்கை.

சோதனைக் காலம்

1920-ஆம் ஆண்டின் இறுதியில் பக்கிங்காம் ஆலையில் பதவி உயர்வு பற்றி எழுந்த பூசல் முற்றி, ஆலைக் கதவுகள் அடைக்கப்பட்டன. தொழிலாளர் பல வாரங்கள் கூலியின்றி வாடினர். டிசம்பரில் காவலர் சுட்டதில் உயிர்கள் பலியாயின. தொழிலாளர் வேலைக்குச் செல்லாதவாறு சங்கத் தலைவர்கள் தூண்டினர் என்று கம்பெனி உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தடையாணை பெற்றது. தொழிற்சங்கத்திற்குச் சட்டத்தின் பாதுகாப்பு அப்போது இல்லை. சங்கத் தொடர்பினின்றும் வாடியா விலக வேண்டும் என்னும் உடன்பாட்டோடு அவ்வழக்கு முடிந்தது. இவ்வழக்கு நாடெங்கும் எழுப்பிய எண்ணமும் சேர்ந்தே 1926-ஆம் ஆண்டின் இந்தியத் தொழிற்சங்கச் சட்டத்திற்கு வழி வகுத்தது.

வாடியா விலகிய பின்னர்ப் பெரும்பொறுப்பு கலியாணசுந்தரனார் தோள்மேல் ஏறியது. 1921-ஆம் ஆண்டின் நடுவில் மீண்டும் வேலைநிறுத்தம் தொடங்கிற்று. ஆளுநர் வில்லிங்டன் பிரபு அவரை அழைத்து, நாடு கடத்தப்பட நேரும் என்று எச்சரித்தார். அவர் அசையவில்லை. அரசியலில் எதிர்க்கட்சியினராகிய சர் பிட்டி தியாகராயச் செட்டியார் முதலியோர் தலையிட்டமையால் அவ்வாணை பிறவாது நின்றது. மாற்றுக் கட்சியாரும் மதிக்கும் வகையில் அவர் நடந்துகொண்டார் என்பதற்கு இது சான்றாகும்.

பிளவும் பாடமும்

ஆளுநரின் எச்சரிக்கையினும் கொடிய சோதனை ஒன்று அவ்வேலைநிறுத்தத்தில் எழுந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளருள் பெரும்பாலோர் வேலைநிறுத்தத்தில் சேராது ஆலைக்குச் சென்றனர். அவர்கள் மிகுந்த வறியவர். பல மாதம் கூலியின்றி உயிர் தாங்க இயலாதவர். முன்னைய வேலைநிறுத்தங்களால் அவர்கள் பட்ட துன்பமும் மிகுதி. அன்றியும், ஊரில் ஒரு கிணற்றில் நீர் எடுக்க விடாதவர், ஆலை வாயிலில் மட்டும் ஒன்றாய் நிற்க அழைத்தால் அவ்வழைப்பில் நம்பிக்கை எங்ஙனம் பிறக்கும்? இருதிறத்தார்க்கும் இடையே பகை மூண்டது. புளியந்தோப்பில் கலகம் விளைந்தது, குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடும் உயிரிழப்பும் நேர்ந்தன. அறவழியையே எந்நாளும் வற்புறுத்திய தலைவரின் சொல் அத்தீயை அணைக்கப் போதவில்லை. அக்டோபரில் வேலைநிறுத்தம் வெற்றியின்றி முடிந்தது. சங்கம் பல ஆண்டுகள் நலிவுற்றது.

பெரியோர் வரலாற்றில் வெற்றியை மட்டும் படித்தல் போதாது. நம் பக்கம் நிற்பவரின் துயரை உணர்தல் எளிது; விலகி நிற்பவரின் துயரை உணர்தல் கடிது. விலகி நின்றவர் ஏன் விலகினர் என்பதைப் போராட்டம் தொடங்குவதற்கு முன்னரே கேட்டறிதல் தலைமையின் கடமை. சாதி வேறுபாடு நீங்கினாலன்றித் தொழிலாளர் ஒற்றுமை நிலைபெறாது என்பதே 1921-ஆம் ஆண்டு நமக்குக் கற்பிக்கும் பாடம். கலியாணசுந்தரனார் தம் தொழிலாளர் பணியையும் அதில் நேர்ந்த இடர்களையும் 1944-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் வாழ்க்கைக் குறிப்புகள் நூலில் எழுதி வைத்தார். தோல்விக்குப் பின் தொழிலாளரைக் கைவிட்டு அவர் வேறு வழி செல்லவுமில்லை.

முதுமையிலும் மாறாத உறுதி

இந்தியா விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டில் அந்த ஆலைகளில் மீண்டும் நீண்ட வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. அப்போது அவருக்கு வயது அறுபத்து மூன்று. சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார். திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்த அவர், நம் கள்ளக்குறிச்சிப் பகுதியும் அடங்கியிருந்த பழைய தென்னார்க்காடு மாவட்டத்தினர். நேர்மைக்குப் பெயர் பெற்றவர். அவர் ஆட்சியில் கலியாணசுந்தரனார் இராயப்பேட்டை வீட்டிலேயே காவலில் வைக்கப்பட்டார். விடுதலைக்காகத் தம்மோடு உழைத்தவர்களே ஆட்சியில் இருந்தனர். ஆயினும் தொழிலாளர்க்காகப் பேசுவதை அவர் நிறுத்தவில்லை. ஆள்பவர் மாறினும் பசி மாறவில்லை என்பதை அவர் அறிந்திருந்தார்.

இறுதி ஆண்டுகளில் அவர் கண்ணொளி குன்றி மறைந்தது. அந்நிலையிலும் பாடல்களைச் சொல்லி எழுதுவித்தார். முருகன் அல்லது அழகு, மனித வாழ்க்கையும் காந்தியடிகளும் முதலிய உரைநடை நூல்களையும், திருக்குறளுக்கு விரிவுரையையும் தந்தவர் பெருஞ்செல்வம் எதனையும் சேர்க்கவில்லை. எளிய வாழ்வே வாழ்ந்து, 1953-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 17-ஆம் நாள் இயற்கை எய்தினார்.

முடிவுரை

பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் 1996-ஆம் ஆண்டில் மூடப்பட்டன. அந்தச் சங்கொலி இப்போது பெரம்பூரில் கேட்பதில்லை. எனினும், தொழிலாளர்க்கு உணவு இடைவேளை உண்டு, வார ஓய்வு உண்டு, குறை கூறும் உரிமை உண்டு என்று சட்டம் கூறும் இடந்தோறும் அக்காலத்துப் பெரியோரின் உழைப்பு மறைந்து நிற்கிறது.

மாணவர்களே! நாளை உங்களுள் சிலர் ஆலை மேலாளர் ஆவீர்கள். சிலர் ஆசிரியர் ஆவீர்கள். சிலர் வயலில் பத்துப் பேரை வைத்து வேலை வாங்குவீர்கள். இன்றே வகுப்பிலும் விளையாட்டிலும் தலைமை ஏற்போர் உளர். வேலையைக் கணக்கிடும்போது அவ்வேலையைச் செய்யும் கையையும் நினைமின். ஒருவன் காலந்தாழ்த்து வந்தால், தண்டிக்குமுன் காரணம் கேண்மின். ஒதுங்கி நிற்பவனை வெறுக்குமுன் அவன் ஒதுங்கிய காரணத்தை ஆராய்மின். அங்ஙனம் செய்தால் வள்ளுவர் கூறிய கண்ணோட்டம் உங்கள் பாலும் தங்கும். தமிழாசிரியர் நாற்காலியை விட்டிறங்கிப் பஞ்சாலை வாயிலில் நின்ற பெருந்தகைக்கு நாம் செலுத்தும் நன்றியும் அதுவே ஆகும்.